ஆற்றுக்கு நடந்த பேச்சு: நெல்லை அன்றும் இன்றும்

நெல்லை டவுனில் ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை, விடியற்காலையில் குறுக்குத்துறைச் சாலையில் நின்றால் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. தோளில் துண்டு, கையில் மாற்று வேட்டி, வாயில் வேப்பங்குச்சி. ரத வீதிகளிலிருந்தும் அவற்றை ஒட்டிய சந்துகளிலிருந்தும் ஆண்கள் இரண்டிரண்டு பேராக, மூன்று மூன்று பேராகக் கிளம்பி வந்து தாமிரபரணி ஆற்றுக்குப் போகும் சாலையில் சேர்வார்கள். நெல்லையப்பர் கோயிலிலிருந்து ஆறு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். போக அரை மணி, வர அரை மணி, நடுவில் குளியல். பேச்சுக்கென்று யாரும் ஒதுக்காத அந்த ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சிலேயே கழிந்தது.

அந்தப் பேச்சுக்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. போகும்போது சின்ன விஷயங்கள்தான் வரும். பாவநாசம் அணையில் 143 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது, வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவான், எந்த வயலில் நடவு முடிந்தது, எந்த வீட்டில் விசேஷம். தூக்கம் முழுசாகக் கலைந்திருக்காது. குளித்துவிட்டு, ஆற்றுக்குள்ளேயே நிற்கிற முருகன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பும்போதுதான் கனமான விஷயம் வெளியே வரும். மகளுக்கு வந்த வரன், தம்பியோடு பாகப்பிரிவினை, அடைபடாத கடன், சொல்பேச்சு கேட்காத மகன்.

அது அங்கே வெளியே வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் நடக்கிறவர் திரும்பி முகத்தைப் பார்ப்பதில்லை. சொல்கிறவரும் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. நாலு கண்ணும் முன்னால் கிடக்கிற பாதையில்தான் இருக்கும். பேச்சு நின்றுபோனால் அதை உடனே நிரப்ப வேண்டும் என்ற அவசரம் கிடையாது. எதிரே வரும் மாட்டுவண்டிக்கு ஒதுங்கி நின்றாலே இடைவெளி கழிந்துவிடும். விஷயம் பிடிக்காவிட்டால் பேச்சை வயல்பக்கம் திருப்பிவிடலாம். இதே பேச்சைக் கூடத்தில் எதிரெதிரே பாய் போட்டு உட்கார்ந்து பேசினால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். பெண்டு பிள்ளைகள் காதிலும் விழும்.

இன்னொன்று, யாரோடு நடப்பது என்பதை யாரும் தேர்ந்தெடுத்துக்கொள்ளவில்லை. தெருவில் அந்த நேரத்துக்கு யார் கிளம்புகிறாரோ அவரே துணை. வக்கீல் குமாஸ்தாவும் ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளையும், ஓய்வுபெற்ற வாத்தியாரும் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்த பையனும் ஒரே வேகத்தில் நடந்தார்கள். ஒத்துப்போகாத ஆட்களும் வழியில் ஒத்துப்போக வேண்டியிருந்தது. ஒருநாள் ஒருவர் வரவில்லை என்றால் மறுநாள், "என்னவே, நேத்து ஆளைக் காணோம்?" என்ற கேள்வி தயாராக இருக்கும். இரண்டு நாள் வராவிட்டால் கேள்வி வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

வழியும் ஒரு துணைதான்

கால்நடையாகப் போகிறவனை மனத்தில் வைத்துத்தான் அன்றைய சாலைகள் எழுந்தன. தாமிரபரணிக் கரையோரம் பாவநாசத்திலிருந்து கழிமுகம் வரைக்கும் இன்றும் சிதைந்தும் சிதையாமலும் நிற்கிற கல்மண்டபங்களும் படித்துறைகளும் அதற்குச் சாட்சி. சாலையோரச் சுமைதாங்கிக் கற்கள் இன்னொரு சாட்சி. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடும் வழக்கம் தமிழ்நாட்டில் பல இடங்களில் இருந்தது. அதன்மேல் தலைச்சுமையை அடுத்தவர் கை இல்லாமல் இறக்கி வைக்கலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் சுமையை இறக்கிய இடத்தில் இன்னொருவரும் இறக்கி வைத்திருப்பார். பேச்சு அங்கே பிறந்துவிடும்.

நடந்துகொண்டே பேசுவதற்குத் தமிழில் இலக்கிய வகைகளே இருந்தன. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வருகிறவனிடம் எந்த வழியில் போ, எங்கே தங்கு, யாரைப் பார் என்று சொல்வதுதான் அவற்றில் பெரும்பாலானவற்றின் கட்டமைப்பு. பிற்காலத்தில் வழிநடைச் சிந்துகள் வந்தன. ஊர் போகும் வழியில் கணவன் மனைவிக்கு இது இன்ன ஊர், அது இன்ன கோயில் என்று காட்டிக்கொண்டே போகும் பாட்டு அது. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தபோது பாடப்பட்டவைதான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்துகள் என்பார்கள். 26 வயதில் இறந்துபோன அந்தக் கவிஞரின் மெட்டுகளில் காலடிச் சத்தம் கேட்பதில் வியப்பில்லை.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் நெல்லை, அந்தப் பக்கம் பாளையங்கோட்டை. இடையில் ஒரு காலத்தில் படகுதான். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் கைப்பணத்தைக் கொடுக்க, சுமார் 50,000 ரூபாய் செலவில், 11 வளைவுகளோடு எழுந்த பாலம் 1843 நவம்பரில் திறக்கப்பட்டது. ஓர் அரசு ஊழியர் தன் சொத்திலிருந்து ஊருக்குப் பாலம் கட்டிக் கொடுத்ததை நெல்லைக்காரர்கள் இன்றும் நவம்பர் மாதத்தில் நினைத்துக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பாலம் செய்த பெரிய வேலை, இரண்டு ஊர்களையும் நடந்து கடக்கிற தூரத்துக்குள் கொண்டுவந்ததுதான். கோயில், கடைவீதி ஒரு கரையில். பள்ளிகளும் கல்லூரிகளும் மறு கரையில். நடுவில் பாலத்தின் கைப்பிடிச் சுவர். சாயங்காலம் அதில் சாய்ந்து நிற்காத மாணவன் நெல்லையில் படித்தவனே இல்லை.

இரண்டாம் ஆட்டம் விட்ட பிறகு

ஆற்றுநடை பெரியவர்களுக்கு என்றால், இளைஞர்களுக்கு சினிமா நடை. ரத்னா, பார்வதி, ராயல், சென்ட்ரல், பூர்ணகலா என்று கொட்டகைகள் நிறைந்திருந்த ஊர் இது. இரண்டாம் ஆட்டம் விடும்போது பஸ் இருக்காது. சுற்றுக் கிராமத்து ஆட்கள் கூட்டமாக வயல்வரப்பு வழியாகவும் வாய்க்கால் கரை வழியாகவும் நடந்தார்கள். படத்தில் பாதிக்கு மேல் அந்த நடையில்தான் முடிவானது. வில்லன் செய்தது சரியா, பாட்டு எந்த ராகம், தங்கச்சி வேடத்தில் நடித்தவள் இதற்கு முன் எந்தப் படத்தில் வந்தாள் என்று பேசிக்கொண்டே போவார்கள். ஊர் எல்லையில் வேப்பமரத்துப் பேய்க்குப் பயந்து ஒட்டி நடப்பதும் அதில் அடங்கும்.

1960களிலும் 70களிலும் இந்த ஊரில் இளைஞர்களாக இருந்த வண்ணதாசன், வண்ணநிலவன், கலாப்ரியா, விக்ரமாதித்யன் ஆகியோரின் எழுத்தில் ரத வீதியும் ஆற்றுப்பாதையும் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல. கலாப்ரியாவின் 'நினைவின் தாழ்வாரங்கள்' படித்தவர்களுக்கு அந்தத் தெருக்களும் கொட்டகைகளும் நேரில் பார்த்த மாதிரி இருக்கும். அவர்களுக்கு ஒரு தலைமுறை முன்னால், ம.தி.தா. இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எழுதினார். சென்னை பிராட்வே முனையில் வழி கேட்டு வருகிற கடவுளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு காப்பிக்கடைக்குப் போகிற கந்தசாமிப் பிள்ளை மேலகரத்துக்காரர். அதாவது நம்ம ஊர்ப்பக்கத்து ஆள். வழியில் சேர்ந்தவர் யாராயிருந்தாலும் பேசிக்கொண்டே போகலாம் என்ற நெல்லை மனசு அந்தக் கதையின் அடியில் இருக்கிறது. பாளையங்கோட்டைக்காரரான தொ. பரமசிவன் (1950–2020) உப்பு, எண்ணெய், உடை, விளையாட்டு, சிறுதெய்வம் என்று எழுதிய 'அறியப்படாத தமிழகம்' நூலின் சரக்கும் நூலகத்தில் மட்டும் கிடைத்ததல்ல. தெருவிலும் திருவிழாவிலும் ஜனங்களோடு பேசிச் சேர்த்தது.

எல்லாருக்கும் அந்த வழி திறந்திருந்ததா?

இதுவரை சொன்னதை மட்டும் படித்துவிட்டு அந்தக் காலம் மாதிரி வருமா என்று பெருமூச்சு விட்டால் அது பாதி உண்மைதான். ஆற்றுக்குப் போகும் சாலையில் நடந்த பேச்சுக்குச் சாதி என்றொரு வேலி இருந்தது. படித்துறைகள் சாதிக்கொன்றாகப் பிரிந்து கிடந்தன. சில தெருக்களில் சிலர் நடக்கவே முடியாது. நடந்தாலும் தோள்துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும், செருப்பு கைக்கு வர வேண்டும். துணையை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்று மேலே சொன்னேன். தெருவே அந்தத் தேர்வைச் செய்து வைத்திருந்தது என்பதுதான் முழு உண்மை. ஒரே தெருவுக்குள் பணக்காரனும் ஏழையும் சேர்ந்து நடந்தார்கள். அடுத்த தெருவோடு சேர்ந்து நடக்கவில்லை.

பெண்களுக்கு வேறு கணக்கு. அவர்கள் நடந்த நடைக்குக் குறைவே இல்லை. பொழுதுபோக்கு நடைதான் இல்லை. தண்ணீருக்கு, துணி துவைக்க, விறகுக்கு, களையெடுக்க. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கங்களில் பீடி சுற்றுகிற பெண்கள், சுற்றி முடித்ததைத் தட்டில் அடுக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பீடிக்கடைக்குக் கூட்டமாக நடப்பார்கள். இலை மோசமாக வந்தது, தூள் குறைந்தது, கடைக்காரர் கழிவென்று எவ்வளவை ஒதுக்கினார், எந்த வீட்டில் மதினிக்கும் மாமியாருக்கும் சண்டை என்பதெல்லாம் அந்த வழியில்தான் பேசித் தீர்ந்தது. வீட்டுக்குள் குரலை அடக்கிய பெண் அந்தச் சாலையில் வாய்விட்டுச் சிரித்தாள். அதே பெண் தனியாக ஆற்றங்கரையில் ஒரு மாலை நடை போய்விட்டு வர முடியாது. "எங்கே போயிட்டு வாறே?" என்ற கேள்விக்குப் பதிலாகக் கையில் ஒரு குடமாவது இருக்க வேண்டும்.

சேர்ந்து நடப்பது வெறும் நட்பு விஷயம் இல்லை என்பதற்கு இந்த ஆறே சாட்சி. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் கலெக்டர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடிக்குத் தப்ப ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. கூலிக்காகவும் மரியாதைக்காகவும் சேர்ந்து நடந்த கால்கள் அவை.

சாதி வேலி இன்றும் முழுக்க விழவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக்கயிறு கட்டக் கூடாது, சாதியைக் காட்டும் வண்ணம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கு வரக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் இருந்தன. பள்ளிக்குப் போகும் வழியிலேயே பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள் என்பதை ஓர் அரசுக் குழு எழுத்தில் சொல்ல வேண்டிவந்தது.

எப்போது நின்றது?

நடைப்பேச்சு ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் வீட்டுக்குள் குழாய் வந்தது. ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் வந்தன. குளிக்க ஆற்றுக்குப் போக வேண்டிய அவசியம் போயிற்று. இதைக் குறையாகச் சொல்ல ஒரு பெண்ணிடம் போனால் துரத்தி விடுவாள், நியாயமாகவே. குடம் சுமந்த இடுப்புக்கு வீட்டுக் குழாய் விடுதலை. பிறகு டவுன் பஸ், பிறகு மொபெட்டும் பைக்கும். வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்ததும் இரண்டாம் ஆட்டத்துக்குக் கூட்டமாக நடந்த கதை முடிந்தது. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. வேலைக்கு நடந்தே போன பல பெண்கள் இப்போது பஸ்ஸில் போகிறார்கள். மிச்சமான நேரம் அவர்களுடையது. நடைக்கூட்டம் இப்போது பஸ் நிறுத்தத்துக் கூட்டமாக மாறியிருக்கிறது. பேச்சு அங்கேயும் நடக்கத்தான் செய்கிறது.

போக விருப்பம் இருந்தவர்களையும் ஆறு திருப்பி அனுப்பியது. நகரத்துச் சாக்கடை பல இடங்களில் ஆற்றில் விழுந்தது. மணல் அள்ளி அள்ளிக் கரை குழியாயிற்று. மூத்த கம்யூனிஸ்ட் தலைவர், ஸ்ரீவைகுண்டத்துக்காரரான ஆர். நல்லகண்ணு நீதிமன்றம் போய்த் தானே வாதாடி, 2010-ல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வாங்கினார். ஆற்றையும் அதன் மண்டபங்களையும் படித்துறைகளையும் மீட்கக் கோரி எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நெல்லைக்கே வந்து கழிவுநீர் கலக்கும் இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆறு குளிக்கிற மாதிரி இருந்தால்தானே அங்கே போவதற்குத் துணை தேடுவோம்?

மரங்களும் போயின. தென்காசிச் சாலை நாலுவழி ஆனபோது இரண்டு பக்கமும் நிழல் கொடுத்த பழைய மரங்கள் விழுந்தன. சித்திரை வெயிலில் நிழலில்லாத தார்ச்சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நடக்க யாருக்கும் மனசு வராது. நகரத்துக்குள் நடைமேடை கடைச்சரக்குக்கும் நிறுத்திய பைக்குகளுக்கும் போனது. இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லாத சாலையில் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே நடக்கலாம். பின்னே வருகிறவரோடு பேச முடியாது.

மைதானத்துச் சுற்று

இன்று விடிகாலையில் நெல்லைக்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குப் போக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி எல்லாம் சேர்ந்து இவர்களை எழுப்பிவிடுகின்றன. 2017-ல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் நெல்லை சேர்ந்த பிறகு நகரத்தில் பூங்காக்களும் நடைபாதைகளும் பெருகின. 2023 நவம்பர் 4 அன்று தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கிய திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைப்பாதை குறிக்கப்பட்டது. நடப்பது இப்போது அரசே சொல்லித் தருகிற பழக்கம்.

இதில் லாபம் பெரிது. முதல் லாபம் பெண்கள். சேலைக்குக் கீழே விளையாட்டுக் காலணி போட்டுக்கொண்டு அறுபது வயது ஆச்சியும், சுடிதாரில் வங்கி ஊழியரும், பர்தா அணிந்த ஆசிரியையும் மைதானத்தில் சுற்றுகிறார்கள். குடம் இல்லாமல், தட்டு இல்லாமல், "நடக்கப் போறேன்" என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே வருவது இந்த ஊரில் புதுசு. இரண்டாவது லாபம், மைதானத்துச் சுற்றில் தெரு வேலி அவ்வளவாக இல்லை. எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் ஒரே மண்ணில் நடக்க வேண்டும். அங்கே பழக்கமானவர்கள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தால் போய்ப் பார்க்கிறார்கள்.

குறையும் அதே மைதானத்தில் இருக்கிறது. வட்டத்தில் போகும் கால்களுக்குப் போய்ச் சேர ஓர் இடம் கிடையாது. நாலு சுற்று முடிந்தால் வேலை முடிந்தது. பேச்சு பாதியில் இருந்தாலும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பலரும் கைக்கடிகாரத்தில் காலடியை எண்ணிக்கொண்டு வேகமாக நடப்பவர்கள். மூச்சு வாங்கும்போது பேச்சு வராது. துணையும் இப்போது நாமே பொறுக்கிய துணை. ஒரே வயசு, ஒரே உத்தியோகம், அநேகமாக ஒரே கட்சி. கல்லூரிப் பையன் ஒருவன் ஓய்வுபெற்ற தாசில்தாரோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டு நடக்கிற காட்சி இங்கே அபூர்வம். அவன் காதில் ஏதோ மாட்டியிருக்கிறது.

அந்தக் காதுக்கருவியைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். கொஞ்சம் ஒதுங்கி நின்று கேட்டால் வேறொன்று தெரியும். தனியாக நடக்கிறவர்களில் பலர் பாட்டுக் கேட்கவில்லை, பேசுகிறார்கள். பெங்களூரில் இருக்கும் மகளோடு, துபாயில் இருக்கும் தம்பியோடு, அமெரிக்காவில் அப்போது சாயங்காலமாகியிருக்கும் மகனோடு. "சாப்பிட்டியாம்மா, மாப்பிள்ளை ஆபீஸ் போயாச்சா" என்று ஆரம்பித்து, நாலாவது சுற்றில் குரல் தணிந்து வேறெதற்கோ போய்விடுகிறது. திரும்பி வரும் வழியில் கனமான விஷயம் வருகிற பழைய ஒழுங்கு அப்படியே இருக்கிறது. பக்கத்தில் நடந்தவர் மட்டும் கடல் தாண்டிப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் போனதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிட்டு நிற்கிற ஊர் இது.

நடை மனத்தைத் திறக்கிறது என்பதை ஆய்வுகளும் ஓரளவு சொல்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மரிலி ஒப்பெஸ்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், நடக்கும்போது புதுப்புது யோசனை சொல்லும் திறன் உட்கார்ந்திருப்பதைவிடச் சராசரியாக 60 சதவீதம் கூடியது. வெறும் சுவரைப் பார்த்தபடி ஓடுபொறியில் நடந்தபோதும் அது கூடியது. அவர்கள் அளந்தது யோசனையைத்தான், உறவை அல்ல. உறவுக்கு வெறும் கால் அசைவு போதாது என்று குறுக்குத்துறைச் சாலையில் நடந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

திருச்செந்தூர்ச் சாலையில்

போய்ச் சேர ஓர் இடம் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க மார்கழி, தை மாதங்களில் திருச்செந்தூர்ச் சாலைக்கு வர வேண்டும். பச்சை வேட்டி கட்டிய கூட்டம் கூட்டமாகப் பாதயாத்திரைக்காரர்கள். நெல்லையிலிருந்து செய்துங்கநல்லூர், கருங்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் வழியாக 60 கிலோமீட்டரை ஒட்டிய நடை. நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்கு 1923 முதல் ரயில் ஓடுகிறது. பஸ்ஸுக்கும் குறைவில்லை. இருந்தும் நடக்கிறவர்கள் பெருகிக்கொண்டுதான் வருகிறார்கள். தென்காசி, சங்கரன்கோவில் பக்கங்களிலிருந்து இன்னும் தூரம் நடந்து வருகிறவர்களும் உண்டு.

அந்த நடையில் பாட்டும் கோஷமும் முதல் சில மணி நேரம்தான். ராத்திரி ஏற ஏற, கால் கொப்பளிக்க ஆரம்பித்த பிறகு, கூட்டம் தானாக இரண்டு மூன்று பேராகப் பிரிந்துவிடும். வேகம் ஒத்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் புறப்படும்போது நண்பர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிறவரும் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்தவரும் ஒரே அளவு நொண்டுகிறார்கள். முருகனிடம் என்ன கேட்கப் போகிறோம் என்பது பேச்சில் வந்தால், பிள்ளையில்லாத குறையோ வேலை போன கதையோ கூடவே வந்துவிடும். விடிந்ததும் இருவரும் கடலில் குளித்துவிட்டுப் பிரிவார்கள். போன் நம்பர் வாங்கியிருக்கவும் மாட்டார்கள்.

நடந்தே தரிசிக்கும் தூரத்தில் இருக்கிற நவதிருப்பதிகளையும், ஆற்றோரமாகவே அமைந்த நவகைலாயங்களையும் இப்போது பெரும்பாலோர் சிறப்புப் பேருந்தில் ஒரே நாளில் பார்த்து முடிக்கிறார்கள். புரட்டாசிச் சனிக்கும் மார்கழி ஞாயிறுக்கும் பஸ் நிறைகிறது. ஒன்பது கோயிலும் முடிகிறது. பக்கத்து ஸீட்டில் இருந்தவர் யார் என்பது அநேகமாகத் தெரியாமலே முடிகிறது.

பக்திக்கு வெளியிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. மணிமுத்தாறில் இருந்து செயல்படும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஜனவரி மாதம் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் பறவைப் பிரியர்களும் சிறு சிறு குழுவாகக் குளத்துக் கரைகளில் நடக்கிறார்கள். ஒருவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும். பேசாமல் அந்த வேலையை முடிக்க முடியாது. கரையில் மீன் பிடிக்கிறவரிடம் கேட்காமலும் முடியாது. அறிமுகமில்லாதவர்கள் ஒரு காலைப்பொழுது முழுவதும் ஒரே வரப்பில் நடக்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

என்ன செய்யலாம்?

பழைய ஆற்றுநடை இருந்தபடியே திரும்பி வராது, வரவும் வேண்டாம். சாதி பிரித்த படித்துறையும் குடம் சுமந்த பெண்ணும் அந்தப் படத்தில்தான் இருக்கிறார்கள். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று விஷயம். போய்ச் சேர ஓர் இடம். பேசி முடிக்கிற அளவுக்கு நீண்ட தூரம். நாம் பொறுக்கியெடுக்காத ஒரு துணை. இன்றைய மைதானத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, யாரும் வரலாம் என்ற வாசல்.

முதல் இரண்டும் மாநகராட்சி கையில் இருக்கின்றன. நடைப்பயிற்சிக்கு வட்டப்பாதை போடும் பணத்தில் கொஞ்சத்தை டவுனிலிருந்து குறுக்குத்துறைக்கும் வண்ணார்பேட்டையிலிருந்து பாலம் வரைக்கும் இரண்டு பேர் தோளோடு தோள் நடக்கிற அகலத்தில் மரநிழல் நடைமேடை போடச் செலவழிக்கலாம். சாக்கடையை ஆற்றில் விழாமல் தடுப்பது குடிநீருக்கும் மீனுக்கும் மட்டுமான காரியமில்லை. 2018-ல் தாமிரபரணி மகாபுஷ்கரத்துக்குப் படித்துறைகளில் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஜனங்களுக்கு ஆற்றின் மேல் ஆசை போய்விடவில்லை. தண்ணீர் குளிக்கத் தகுந்ததாக இருந்தால் கால்கள் அங்கே போகும். பேச்சும் கூடவே போகும்.

மூன்றாவது நம் கையில்தான் இருக்கிறது. மாடிவீட்டில் குடிவந்து இரண்டு வருஷமாகியும் பெயர் தெரியாத அண்ணாச்சியிடமோ, எந்நேரமும் போனும் கையுமாகத் திரிகிற அக்கா மகனிடமோ, எதிர்த் தெருவில் இருப்பதாலேயே பேசாமல் போன ஒருவரிடமோ, கடைத்தெருவுக்கோ கோயிலுக்கோ கிளம்பும்போது, "ஒரு எட்டு நடந்தே போயிட்டு வருவமா?" என்று கேட்கலாம். பேச விஷயம் என்ன இருக்கிறது என்ற கவலை வேண்டாம். பாவநாசத்தில் எத்தனை அடி தண்ணீர் என்பதிலிருந்து ஆரம்பித்தால் போதும்.